இளவயதில் இடுப்பு மூட்டுத் தேய்மானமா? ஹிப் ரிசர்ஃபேசிங் செய்துகொண்டவனின் மதிப்பீடு

நாற்பதுகளில் இடுப்பு மூட்டு தேய்ந்துபோச்சு என்று சொன்னால் பலர் நம்புவதே இல்லை. எனக்கு வந்தது. குனிந்து சாக்ஸ் போட முடியாது, காரில் இருந்து காலை வெளியே வைத்தால் தொடையிடுக்கில் சுரீரென்று வலி, ராத்திரி புரண்டு படுத்தால் தூக்கம் போச்சு. மாத்திரை, பிசியோதெரபி, ஊசி எல்லாம் பார்த்த பிறகு மிஞ்சியது இரண்டு வழிதான்: முழு மூட்டு மாற்று, இல்லையென்றால் ரிசர்ஃபேசிங். நான் இரண்டாவதைச் செய்துகொண்டேன், முழுத் திருப்தி. ஆனாலும் வயது குறைவு என்ற ஒரே காரணத்துக்காக யாரும் இதற்குப் போகக் கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன்.

முழு மாற்றில் தொடை எலும்பின் பந்தை வெட்டி எடுத்துவிட்டு, எலும்புக்குள் நீளமான தண்டு ஒன்றை இறக்குவார்கள். ரிசர்ஃபேசிங்கில் பந்து அங்கேயே இருக்கும். பல்லைப் பிடுங்காமல் தேய்த்து மேலே கேப் போடுகிற மாதிரி, பந்தைச் செதுக்கி உலோகத் தொப்பி போட்டு, எதிரே இடுப்பெலும்பில் உலோகக் கிண்ணம் வைப்பார்கள். இரண்டும் கோபால்ட் குரோமியம். எலும்பு மிச்சமாவதால் பின்னால் பழுதானால் தொடைப் பக்கத்தில் முதல் தடவை செய்வது போலவே முழு மாற்று செய்துகொள்ளலாம். பந்தும் கிட்டத்தட்ட இயற்கை அளவிலேயே இருப்பதால் மூட்டு நழுவுவது அபூர்வம். இன்னும் முப்பது நாற்பது வருடம் நடக்க வேண்டியவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சரி, அப்படியென்றால் ஏன் எல்லோருக்கும் செய்வதில்லை? இதன் வரலாற்றைப் பார்த்தால் புரியும். 1997-இல் பிரிட்டனின் பர்மிங்காமில் டெரெக் மெக்மின், ரோனன் ட்ரீசி என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள் கொண்டுவந்த பர்மிங்காம் ஹிப் என்ற ரிசர்ஃபேசிங் மூட்டுக்கு 2006-இல் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தது. அது நன்றாக ஓடியதும் மற்ற நிறுவனங்களும் இறங்கின. அவற்றில் ஒன்றான டிப்யூ நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் என்ற மாடல் சீக்கிரமே பழுதாகிறது என்று தெரிந்து 2010-இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. உலோகத்தோடு உலோகம் உரசி வரும் நுண்துகள் சுற்றியுள்ள தசையை அரித்து, சிலருக்குக் கட்டி மாதிரி வீக்கம் வந்து, மறு அறுவை வரை போயிற்று. 2015-இல் பர்மிங்காம் ஹிப்பைத் தயாரிக்கும் ஸ்மித் அண்ட் நெஃப்யூவே பந்துக்கான தொப்பியில் 46 மில்லிமீட்டரையும் அதற்குக் குறைவான அளவுகளையும் நிறுத்திவிட்டு, பெண்களுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது. பந்து சிறிதாக இருந்தால் தேய்மானம் கூடுகிறது, பெண்களுக்குப் பெரும்பாலும் பந்து சிறிது. அதனால் என்னிடம் கேட்கும் பெண்களுக்கு, எவ்வளவு இளவயதாக இருந்தாலும், உலோக ரிசர்ஃபேசிங் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பீங்கான் வகை வந்திருக்கிறது, பெண்களுக்கும் பொருந்தும் என்ற நம்பிக்கையோடு செய்கிறார்கள், ஆனால் அதற்கு இருபது வருட அனுபவம் இன்னும் சேரவில்லை.

எலும்பு பலவீனமானவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் (ரத்தத்தில் சேரும் உலோகம் அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும்), உலோக ஒவ்வாமை உள்ளவர்கள், பந்துக்கு ரத்த ஓட்டம் நின்று பெரும்பகுதி செத்துப்போனவர்கள் எல்லோருக்கும் இது சரிவராது. நான் முதலில் பார்த்த டாக்டர் இதில் எதையுமே கேட்கவில்லை, பந்தின் அளவைக்கூட அளக்கவில்லை, "சின்ன வயசு, ரிசர்ஃபேசிங் பண்ணிடலாம்" என்று தேதி குறிக்கப் போனார். எனக்குக் கோபமே வந்துவிட்டது, எழுந்து வேறு டாக்டரிடம் போனேன். அவர் இதையே வழக்கமாகச் செய்கிறவர், எக்ஸ்ரேவை வைத்து அளந்து, எலும்பின் அடர்த்தி பார்த்து, அப்புறம்தான் பேச்சையே ஆரம்பித்தார். இந்த அறுவையில் டாக்டரின் கைதான் பாதி வெற்றி. பந்தை எடுக்காமல் அதை ஒதுக்கிவைத்துக்கொண்டே கிண்ணத்தைப் பொருத்த வேண்டும், கிண்ணம் கொஞ்சம் செங்குத்தாக அமைந்தால்கூட விளிம்பில் உரசித் துகள் கொட்டும். வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், அதில் எத்தனை பழுதானது என்று தயங்காமல் கேளுங்கள். முகம் சுளித்தால் அந்த இடம் வேண்டாம்.

ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பிப்பது சீக்கிரமே நடந்துவிடும், பழைய வலி போனது உடனே தெரியும். அங்கேதான் ஆபத்து. தொப்பிக்குக் கீழே இருக்கும் எலும்புக் கழுத்து முதல் சில மாதங்களில் முறியலாம், நூறில் ஒருவர் இருவருக்கு நடக்கிறது. ஓட்டம், குதிப்பு எல்லாம் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை கூடாது என்பார்கள், அதை அப்படியே கேளுங்கள். டென்னிஸ் வீரர் ஆண்டி மரே 2019 ஜனவரியில் இதைச் செய்துகொண்டு அதே அக்டோபரில் ஆன்ட்வெர்ப்பில் ஒற்றையர் பட்டம் வென்றார், உண்மைதான். ஆனால் அவர் உடம்பும் அவரைச் சுற்றி இருந்த ஆட்களும் வேறு.

வலியில்லாமல் நடந்தால் போதும், நீந்தினால் போதும் என்றால் முழு மாற்றே தாராளமாகப் போதும். இப்போதைய பிளாஸ்டிக்கும் பீங்கானும் பழைய மாதிரி சீக்கிரம் தேய்வதில்லை. 2019-இல் வந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பில் முழு மாற்றுகளில் சுமார் 58 சதவீதம் 25 வருடம் நிலைத்ததாகக் கணக்கு வந்தது, அதுவும் பழைய தலைமுறை மூட்டுகளையும் சேர்த்து. ஓட்டம், கனமான உடலுழைப்பு என்று இருக்கும், எலும்பு திடமான, பந்து பெரிய ஆணுக்குத்தான் ரிசர்ஃபேசிங்கில் நிஜமான லாபம்.

செய்த பிறகு கண்காணிப்பு என்று ஒன்று தொடர்ந்துகொண்டே இருக்கும். ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 7 மைக்ரோகிராமைத் தாண்டினால் பிரிட்டனில் ஸ்கேன் வரை ஆராய்கிறார்கள். வலி இல்லாவிட்டாலும் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். வீட்டுக்கு வரும்போது பொருத்திய மூட்டின் பெயர், அளவு, தொகுப்பு எண் எழுதிய தாளைக் கேட்டு வாங்கி வையுங்கள், நாளைக்கு ஏதாவது ஒரு மாடலைத் திரும்பப் பெறுகிறார்கள் என்று செய்தி வந்தால் உங்களுடையதா என்று பார்க்க அதுதான் வேண்டும்.