லிஸ்பன் கமோயின்ஷ் சதுக்கம் போகிறவர்களே, கேட்காமல் வரும் ரொட்டியில் கை வைக்காதீர்கள்

போன மே மாதம் நானும் கணவரும் லிஸ்பனில் ஏமாந்த கதை இது. ஏமாந்தோம் என்பதைவிட, பாதி எங்கள் அசட்டையும் சேர்ந்தது என்பதுதான் சரி.

லூயிஷ் டி கமோயின்ஷ் சதுக்கம் சாயங்காலத்தில் அவ்வளவு அழகு. நடுவில் 1867-இல் நிறுத்திய, கவிஞர் கமோயின்ஷின் வெண்கலச் சிலை, பீடத்தைச் சுற்றிப் பழைய எழுத்தாளர்கள், வரலாற்றாசிரியர்கள், அறிஞர்கள் எட்டுப் பேர், அவர்கள் காலடியில் பீர் பாட்டிலோடு உட்கார்ந்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகள், ஓரமாகக் கிறீச்சிட்டுத் திரும்பும் மஞ்சள் நிற 28-ஆம் எண் டிராம். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த பயணத்தைக் காவியமாகப் பாடிய ஆள் இந்தக் கமோயின்ஷ், 1572-இல் அச்சான புத்தகம். அதைக் கணவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் கையில் மெனு அட்டையோடு ஒருவர் வந்து, "இந்தியாவா? கோவாவா?" என்று சிரித்தார். சிரிப்புக்கு மயங்கிப் பின்னாலேயே போனோம், பைரோ ஆல்டோ என்ற மேட்டுப் பகுதிப் பக்கம் ஏறும் சந்து ஒன்றில் இருந்த உணவகத்துக்குள்.

உட்கார்ந்த இரண்டு நிமிடத்தில் ரொட்டி, ஆலிவ், ஒரு சின்ன வட்டப் பாலாடைக்கட்டி, ஒரு தட்டு நிறையப் பன்றித் தொடைக்கறித் துண்டுகள், எல்லாம் தானாக வந்தன. இலை போட்டதும் ஊறுகாயும் அப்பளமும் வைப்பார்களே, அந்த மாதிரி உபசாரம் என்று நினைத்து ரொட்டியையும் ஆலிவையும் தின்றோம். மற்ற இரண்டையும் தொடவில்லை. அப்புறம் ஒரு தட்டில் மீனைக் கொண்டுவந்து காட்டி, இன்றைக்கு வந்தது, மெனுவில் இல்லை என்றார். விலை கேட்டேன். "அறுபது." இரண்டு பேருக்கு ஒரு மீன் 60 யூரோவா என்று வயிறு கலங்கியது, ஆனாலும் ஊர் விட்டு ஊர் வந்து மிச்சம் பிடிக்க வேண்டுமா என்று தலையாட்டிவிட்டேன். ஊரில் மீன்காரம்மாவிடம் பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுகிற நான், கிலோவுக்கா, முழு மீனுக்கா என்று கேட்கவில்லை பாருங்கள்!

பில் 127 யூரோ. மீன் 1.4 கிலோவாம், அதற்கு 84. ரொட்டி ஆளுக்கு 3, ஆலிவ் 4, தொடாத பாலாடைக்கட்டி 11, தொடாத கறி 14. தண்ணீர் இரண்டு பாட்டில் 8.

அங்கே இந்த முன்தட்டுக்குக் 'கூவெர்' என்று பெயர். போர்ச்சுகல் முழுக்க உள்ள வழக்கம்தான், வைப்பதில் தப்பில்லை. ஆனால் நாம் கேட்காத பண்டத்துக்கு, நாம் தொடாதவரை, காசு வாங்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. விடுதிக்காரப் பெண் காலையில் சொல்லிவைத்தது நல்ல நேரத்தில் ஞாபகம் வந்தது. பரிசாரகரிடம் பேசிப் பார்த்தேன், அதுவரை சரளமாக வந்த ஆங்கிலம் அவருக்குத் திடீரென்று மறந்துபோனது. சரி என்று, "லிவ்ரு டி ரெக்ளமசோயின்ஷ்" கொடுங்கள் என்றேன். சிவப்பு அட்டை போட்ட புகார்ப் புத்தகம், எல்லாக் கடையிலும் இருந்தாக வேண்டும், கேட்டால் கொடுத்தாக வேண்டும். அந்தச் சொல்லைக் கேட்டதும் உள்ளேயிருந்து மேலாளர் வந்தார், பாலாடைக்கட்டியையும் கறியையும் அடித்து 102 ஆக்கினார். மீனில் மட்டும் அசையவில்லை. கிலோ விலைதான் சொன்னோம் என்று சாதித்தார், என்னிடம் எழுத்தில் எதுவும் இல்லை.

அதனால் அந்தப் பக்கம் போனால், தட்டு வந்ததுமே வேண்டாம் என்று திருப்பி அனுப்புங்கள், வாசலில் ஒட்டியிருக்கும் விலைப்பட்டியலைப் படித்துவிட்டு நுழையுங்கள், மீன் என்றால் எடை போட்டு மொத்த விலையைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். சதுக்கத்தில் காதருகே வந்து கஞ்சா வேண்டுமா என்று முணுமுணுப்பவர்களும் உண்டு. பல நேரம் அது வெறும் பிரிஞ்சி இலை என்று விடுதியில் சொல்லிச் சிரித்தார்கள். 28-ஆம் எண் டிராமில் பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள்.

பணம் கட்டிய பிறகும் நான் புகாரை எழுதாமல் கிளம்பவில்லை. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் நின்றார். நகல் தாளைக் கிழித்து வாங்கிப் பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டுதான் வெளியே வந்தேன்.