ஓர் இரவு ஓசோனா, மூன்று நாள் துப்புரவா? சிலேத்தாரில் தனி ஜெட் புகைவாடை நீக்கும் சேவை

பயணிகள் சுருட்டும் சிகரெட்டும் பிடித்து இறங்கிய தனி ஜெட்டை மறுபடி வாடகைக்கு விடும் நிலைக்குக் கொண்டுவர, சிங்கப்பூரின் சிலேத்தார் விமான நிலையத்தில் பொதுவாக இரண்டு விதமான வேலைக்கு விலை சொல்வார்கள். ஒன்று, சாயங்காலம் ஓசோன் இயந்திரத்தை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, காலையில் எடுத்துக்கொண்டு போவது. மற்றொன்று, கம்பளம், இருக்கை உறை, திரை எல்லாவற்றையும் கழற்றிச் செய்யும் மூன்று நாள் வேலை. முதலாவது, ஒரே பயணத்தில் யாரோ இரண்டு சிகரெட் பிடித்த விமானத்துக்குச் சரி. ஆண்டுக்கணக்கில் புகை குடித்த விமானத்துக்கு அது காசுக்குக் கேடு. இரண்டாவதுக்குக் கொடுக்கும் பணம் வீண்போகாது. ஆனால் அதிலும் வழக்கமாக ஒரு வேலை விட்டுப்போகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் புகை எங்கே போய் ஒளிகிறது என்பது தெரிய வேண்டும். கேபினுக்குள் காற்று மேலிருந்து வருகிறது. தரையோரம் பக்கச் சுவரின் அடியில் உள்ள இடுக்குகளில் இறங்கி, சுவர்ப் பலகைகளின் பின்புறமாக ஓடி, கேபின் அழுத்தத்தைச் சீராக வைக்கும் அவுட்ஃப்ளோ வால்வு வழியே வெளியேறுகிறது. புகைக்கும் அதே வழிதான். போகிற போக்கில் பலகையின் முதுகிலும், அதன் பின்னால் உள்ள வெப்பக்காப்பு மெத்தையிலும் தார் படிகிறது. மறுசுழற்சி உள்ள விமானங்களில் ஒரு பங்கு காற்று ஹெப்பா ஃபில்டர் வழியாகத் திரும்ப வரும். 0.3 மைக்ரான் துகளில் 99.97 விழுக்காட்டை ஹெப்பா பிடித்துவிடும். வாயுவைப் பிடிக்காது. வாடை என்பது பெரும்பாலும் வாயு. அதற்குக் கரி ஃபில்டர் தனியாக வேண்டும். "எங்கள் விமானத்தில் ஹெப்பா இருக்கிறது, கவலை இல்லை" என்று சொல்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

சிங்கப்பூரில் இன்னொரு சிக்கலும் உண்டு. உயரத்தில் பறக்கும்போது கேபின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். காய்ந்து குளிர்ந்த காற்றில் வாடை அடங்கிக் கிடக்கும். இங்கே தரையிறங்கி, ஏர்கானை நிறுத்தி, நண்பகல் வெயிலில் இரண்டு மணி நேரம் மூடி வைத்துப் பாருங்கள். சூடும் ஈரமும் சேர்ந்து, தோலிலும் துணியிலும் ஒட்டிக் கிடந்ததையெல்லாம் கிளப்பிவிடும். வாடையே இல்லை என்கிற உரிமையாளரும் சரி, கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்துகிற தரை ஊழியரும் சரி, இருவருமே பொய் சொல்லவில்லை.

இப்போது ஓசோன். பெரிய ஜெட் ஒன்றின் கேபினை ஏறத்தாழ 60 கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால், காற்றில் 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஓசோன் நிற்க 120 மில்லிகிராம் போதும். மணிக்கு 10 கிராம் தரும் இயந்திரத்தை இரவு முழுக்க ஓடவிடுவது, கொசுவை அடிக்கச் சுத்தியல் எடுத்த கதைதான். அவ்வளவும் பலகையின் முன்பக்கத்தோடு நின்றுவிடும், முதுகுப்புறம் எட்டாது. மேலும் ஓசோன் நிக்கோட்டினோடு சேரும்போது ஃபார்மால்டிஹைடு போன்ற பொருள்கள் உண்டாகின்றன. இருக்கைத் தோலில் உள்ள எண்ணெய்ப்பசையோடு சேர்ந்தாலும் ஆல்டிஹைடுகள்தான். வேலை முடிந்த காலையில் வீசும் அந்தத் திகட்டலான, பழைய எண்ணெய் போன்ற வாடை அதனால் வருவது. அதை "சுத்தமான மணம்" என்று சொல்லி ஒப்படைப்பவர்களும் உண்டு.

இயற்கை ரப்பரிலும் நைட்ரைல் ரப்பரிலும் ஓசோன் பட்டால் விரிசல் விழும். ஆக்சிஜன் முகமூடிப் பெட்டிகள், உயிர்காப்பு மேலங்கிகள், படகு இவற்றை வெளியே எடுத்தோ காற்றுப்புகாமல் மூடியோ வைக்காமல் இயந்திரத்தை ஓட்ட விடாதீர்கள். காலையில் உள்ளே போகும் ஆள் அளவுமானியோடு போக வேண்டும். அமெரிக்க வேலையிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் வரம்பு 8 மணி நேரத்துக்கு 0.1 பிபிஎம். மூக்கை நம்ப முடியாது, சில நிமிடங்களில் அதற்குப் பழகிப்போகும். ஹைட்ராக்சில் இயந்திரம் இதைவிடச் சாது. ஆனால் மெதுவானது, நாள்கணக்கில் ஓட வேண்டும்.

மூன்று நாள் வேலைக்கு வருவோம். முறையாகச் செய்பவர்கள் தண்ணீரைத் தொடுமுன்னே ஹெப்பா வைத்த உறிஞ்சியால் இருக்கைத் தண்டவாளப் பள்ளம், தரையோர இடுக்கு, ஜன்னல் திரைக் கூடு வரை இழுத்துவிடுவார்கள். பிறகு கெட்டிப் பரப்புகள். நிக்கோட்டின் காரத்தன்மை உள்ளது. மெல்லிய அமிலம் பட்டால் உப்பாக மாறி நீரில் கரைந்து வரும். அதனால் சிட்ரிக் அமிலம் கலந்த லேசான கரைசல் சோப்பை விட நன்றாக வேலை செய்யும். ஆனால் விமான உள்ளறைக்கு ஒப்புதல் பெற்ற திரவமாக இருக்க வேண்டும். போயிங்கின் டி6-7127 ஆவணப்படி சோதித்தது என்று தாளில் இருக்கிறதா பாருங்கள். வீட்டு வினிகர், குளோரின் கலந்த எதுவும் அலுமினியத்தின் பக்கம் வரக்கூடாது. மெருகேற்றிய மரப்பலகைக்கு அமிலமும் வேண்டாம், நடுநிலை பிஎச் போதும்.

சுவரைக் கீழிருந்து மேலாகத் துடைக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் மஞ்சள் நீர் காய்ந்த பரப்பில் வழிந்து கோடு விழும், பிறகு போகாது. தலைக்கு மேலே உள்ள காற்றுக் குமிழைத் திருகிப் பாருங்கள். வெளியே தெரியும் வளையம் பளிச்சென்று இருக்கும். திருகியதும் உள்விளிம்பில் தேன் நிறத்தில் பிசின் மாதிரி ஒட்டியிருக்கும். பஞ்சுக் குச்சியால் எடுக்க வேண்டிய இடம். அவசரக்காரர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். பழைய விமானங்களின் கைப்பிடிச் சாம்பல் கிண்ணத்தையும் மூடியோடு உருவி, அடிப்பள்ளத்தைத் தட்ட வேண்டும்.

கம்பளத்தை வெளியே எடுத்துக் கழுவி, ஈரம் நீக்கும் இயந்திரம் ஓடும் அறையில் முழுதாகக் காயவைக்க வேண்டும். நம் ஊர் ஈரத்தில் ஹேங்கரில் விரித்துப் போட்டால் காயாது. அரை ஈரத்தோடு திரும்ப ஒட்டினால் பூஞ்சை வாடை வரும், தரைத் தண்டவாளம் அரிக்கும். இருக்கை உறையைக் கழற்றலாம். உள்ளே இருக்கும் ஃபோமை நனைக்கக் கூடாது. தீத்தடுப்பு பூசிய துணியைத் தண்ணீரில் போட்டால் பூச்சு கரைந்துபோக வாய்ப்புண்டு. புதுத்துணி போட்டாலும் சரி, பழையதைக் கழுவினாலும் சரி, தீச்சோதனைத் தாள் பற்றி முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

விட்டுப்போகிற வேலை என்றது ஃபில்டர்களையும் அவுட்ஃப்ளோ வால்வையும்தான். துப்புரவு நிறுவனம் இவற்றைத் தொட முடியாது. உரிமம் பெற்ற பொறியாளர் கழற்றி, பராமரிப்புக் கையேட்டில் சொன்ன திரவத்தால் துடைத்து, கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு தரப்புக்கும் நடுவில் இது விழுந்துவிடுகிறது. விளைவு, பளபளக்கும் கேபினுக்குள் பழைய ஃபில்டர் வழியாக அதே வாடை. தேக்கா சந்தையில் கருவாடு வாங்கி வந்த பையைக் கழுவாமல், பையை வைத்த அலமாரியை மட்டும் கழுவிய மாதிரி. வால்வில் தார் சேர்ந்தால் அது ஒட்டி ஒட்டித் திறக்கும். கேபின் அழுத்தம் சீராக இல்லாமல் காது அடைக்கும். பழைய ஜெட் வாங்குபவர்கள் வெளியே நின்று வால்வு வாயைச் சுற்றிப் பார்க்கட்டும். பழுப்புக் கோடு இருந்தால், 'புகை பிடிக்காத விமானம்' என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம்.

ஆகவே விலைத்தாள் கேட்கும்போது மறுசுழற்சி ஃபில்டர், மின்னணுக் கருவிகளைக் குளிர்விக்கும் விசிறியின் ஃபில்டர், வால்வு மூன்றும் யார் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். வெப்பக்காப்பு மெத்தையைக் கழுவ முடியாது, மாற்றத்தான் முடியும். அது அடுத்த பெரிய பரிசோதனைக்குப் பலகைகளைக் கழற்றும்போது செய்ய வேண்டியது. மூன்று நாளில் அதையும் முடிப்போம் என்பவரிடம் ஜாக்கிரதை.

ஒப்புக்கொள்ளும் சோதனையைக் காலை எட்டு மணிக்கு, குளிர்காற்று வண்டி ஓடும்போது செய்யாதீர்கள். நண்பகலில் மூடி வைத்து, பிற்பகல் இரண்டு மணிக்குத் திறந்து, அன்று அதுவரை உள்ளே போகாத, புகை பிடிக்காத ஒருவரை அனுப்புங்கள். நேராக உடை அலமாரிக்குள் தலையை விட்டு மோந்து பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து இருக்கைப் பட்டியின் நாடா. பிறகு வெள்ளைத் துணியை வெந்நீரில் நனைத்து மடிப்பு மேசையின் அடிப்பக்கத்தில் தேயுங்கள், மஞ்சள் வந்தால் வேலை முடியவில்லை. உள்ளே நுழைந்ததும் எலுமிச்சையோ லாவெண்டரோ மணந்தால் சோதனையைத் தள்ளிப்போடுங்கள். நறுமணம் தெளித்த கேபினில் எதையும் மதிப்பிட முடியாது.

புகை பிடிக்க விடலாமா என்பது பதிவு நாட்டையும் நடத்துநரையும் பொறுத்தது. அமெரிக்க விதிப்படி, கேபின் ஊழியர் கட்டாயம் இருக்க வேண்டிய வாடகைப் பயணங்களில் தடை உண்டு. சிறிய ஜெட்டுகளில் முடிவு நடத்துநர் கையில். கழிப்பறைக் கதவருகே சாம்பல் கிண்ணம் மட்டும் தடை இருந்தாலும் இருந்தே ஆக வேண்டும். திருட்டுத்தனமாகப் பிடித்தவர் துண்டைக் காகிதக் குப்பையில் போட்டுவிடக் கூடாதே என்பதற்காக. 1973ல் பிரேசிலின் வாரிக் நிறுவன விமானம் ஒன்று, கழிப்பறையில் தொடங்கிய தீயால் பாரிஸ் அருகே வயலில் அவசரமாக இறங்கியது; 123 பேர் இறந்தார்கள்.

மின்சிகரெட் விட்ட கேபினில் வாடை குறைவு, பிசுபிசுப்பு அதிகம். காட்சித் திரைகளிலும் மெருகுப் பலகையிலும் கிளிசரால் படலம் படியும்; வெதுவெதுப்பான நீரிலேயே போய்விடும். அதற்கு மூன்று நாள் வேலை தேவையில்லை. ஆனால் துப்புரவு ஊழியர் இருக்கை இடுக்கில் கண்டெடுக்கும் கருவி வேறு விவகாரம். 2018 பிப்ரவரி 1 முதல் சிங்கப்பூரில் அதை வைத்திருப்பதே குற்றம். மறந்துவிட்டுப் போன சிகரெட் பெட்டியும் அப்படித்தான்: சிகரெட்டுக்கு இங்கே தீர்வை விலக்கு கிடையாது, ஒன்றே ஒன்றானாலும் அறிவிக்க வேண்டும். கண்டெடுத்ததை யாரிடம், எந்தப் படிவத்தோடு ஒப்படைப்பது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லாத நிறுவனத்துக்கு வேலையைக் கொடுக்காதீர்கள். பையில் போட்டுக்கொண்டு வாயிலைத் தாண்டும் ஊழியர்தான் மாட்டுவார், பயணி அதற்குள் வேறு நாட்டில் இருப்பார்.