போமற் அடிக்க முன் ஒருக்கால் இதைப் பாருங்கள்

விளம்பரம் பொங்கி வழிகிற லப்டொப் ஒன்றைக் கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ திருத்தக் கொடுத்தால், பெரும்பாலும் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: "போமற் அடிக்கலாம், பின்னேரம் வந்து எடுங்கோ." டிரைவில் இருப்பதை அழித்து வின்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் போமற். எங்கள் மாமியின் லப்டொப்புக்கும் அதுதான் நடந்தது. குரோமைத் திறந்தவுடன் சூதாட்ட விளம்பரம். எதைத் தேடினாலும் கூகுளுக்குப் போகாமல் பெயர் தெரியாத ஒரு தளத்துக்குப் போகும். வலது கீழ் மூலையில் "உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்" என்று ஒரு சிவப்புப் பெட்டி. கடையில் கொடுத்தார், அடித்துத் தந்தார்கள். டி டிரைவும் சேர்ந்து போய்விட்டது.

அந்த டி டிரைவில் கனடாவில் இருக்கிற அவருடைய தங்கை ஸ்கேன் பண்ணி அனுப்பிய குடும்பப் படங்கள் இருந்தன. வீட்டு அல்பத்தை 2009இல் விட்டுவிட்டு ஓடியவர்களுக்கு அப்படி ஒரு படம் எவ்வளவு பெறுமதி என்று வன்னியில் எவருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. இரண்டு நாள் கழித்து மாமி தன் ஜிமெயிலைப் போட்டு குரோமுக்குள் போனார். அன்று இரவே எனக்கு அழைப்பு வந்தது: "தம்பி, அது திரும்பவும் வந்திட்டுது."

வந்த காரணம் எளியது. குரோமில் கணக்கைப் போட்டு சிங்க் செய்தால், அதாவது கணக்கில் இருப்பதைக் கணினிக்கும் கொண்டுவந்தால், புக்மார்க்கோடு எக்ஸ்டென்ஷன்களும் (பிரவுசரில் கூடுதலாகப் போடுகிற சிறு மென்பொருட்கள்) அந்தக் கணக்கோடு சேர்ந்தே வரும். குப்பை இருந்தது ஒரு எக்ஸ்டென்ஷனில். ஹார்ட் டிஸ்க்கை அழித்தாலும், கணக்கில் இருந்தது அப்படியே இறங்கிவிட்டது. அழியக் கூடாதது அழிந்தது, அழிய வேண்டியது திரும்ப வந்தது. அன்றிலிருந்து நான் எந்த லப்டொப்பைத் தொட்டாலும் மூன்று கேள்விகளோடுதான் தொடங்குகிறேன். இந்த வழியில் எதை இழப்போம்? எவ்வளவு டேட்டா போகும்? குப்பை திரும்பி வருமா? கீழே உள்ள ஒப்பீடு அந்த மூன்றையும் வைத்துத்தான்.

ஸ்கேன் பண்ண முன் கையால் செய்வது

மூலையில் வருகிற அந்தச் சிவப்புப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். என்னிடம் வந்த லப்டொப்களில் பாதிக்கு மேல் அது வைரஸே இல்லை, ஒரு நொட்டிஃபிகேஷன் அனுமதி. படம் பார்க்கிற தளத்திலோ கிரிக்கெட் நேரலைத் தளத்திலோ "நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலவ் அழுத்துங்கள்" என்று ஒரு பெட்டி வரும். பிள்ளைகள் அழுத்திவிடுவார்கள். அதன் பிறகு பிரவுசர் மூடியிருப்பது போல இருந்தாலும் அறிவிப்பு வந்துகொண்டே இருக்கும். ஸ்கேன் பண்ணினால் சுத்தம் என்று காட்டும், ஏனென்றால் அங்கே அழிப்பதற்கு ஒரு கோப்பே இல்லை. குரோமின் செட்டிங்ஸில் பிரைவசி அன்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நொட்டிஃபிகேஷன்ஸ் என்று போய், அனுமதி கொடுத்த தளங்களின் பட்டியலில் தெரியாதவற்றை எடுத்துவிட்டால் போதும். இரண்டு நிமிடம், ஒரு ரூபாய் டேட்டாவும் போகாது. அதே இடத்தில் இனி எந்தத் தளமும் அனுமதி கேட்கவே கூடாது என்றும் வைத்துவிடுங்கள்.

அப்புறம் எக்ஸ்டென்ஷன் பட்டியல். நீங்கள் போடாத எதுவும் அங்கே இருக்கக் கூடாது. பிடிஎஃப் மாற்றி, கூப்பன், "வேகத் தேடல்" போன்ற பெயர்களை முதலில் சந்தேகியுங்கள். சிங்க் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்தால் கணக்கிலிருந்தும் போகும். மாமிக்குத் தேவைப்பட்டது இவ்வளவுதான் என்று நினைக்கும்போது இன்றைக்கும் மனம் கனக்கிறது.

வின்டோஸின் அப்ஸ் பட்டியலைப் போட்ட திகதிப்படி அடுக்கிப் பார்ப்பதும் நல்ல பழக்கம். தொல்லை தொடங்கிய நாளன்று வந்த மூன்று நான்கு பெயர்கள் ஒன்றாக நிற்கும். டெஸ்க்டொப்பில் உள்ள குரோம் குறுக்குவழியின் புரொபர்ட்டீஸையும் திறந்து பாருங்கள். டார்கெட் பெட்டியில் குரோமின் பெயருக்குப் பிறகு ஒரு இணைய முகவரி ஒட்டியிருந்தால், திறக்கும்போதெல்லாம் அந்தத் தளம் வருவதன் காரணம் அதுதான். கடைசியாக, குரோமிலேயே ரீசெட் இருக்கிறது. அது எக்ஸ்டென்ஷன்களை நிறுத்தி, தேடுபொறியைப் பழையபடி வைக்கும். புக்மார்க்கும் சேமித்த கடவுச்சொற்களும் அப்படியே இருக்கும்.

கைவேலை தோற்கிற இடமும் உண்டு. வீட்டு லப்டொப்பின் குரோம் மெனுவில் "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்ற கருத்தில் ஒரு வரி தெரிந்தால் கவனியுங்கள். சில அன்ரிவைரஸ்கள் போட்டாலும் அது வரும். ஆனால் நீக்க முடியாத எக்ஸ்டென்ஷன் ஒன்றும் கூடவே இருந்தால், குப்பை வின்டோஸ் பொலிசிக்குள், அதாவது நிறுவனங்கள் தங்கள் கணினிகளைக் கட்டுப்படுத்த வைக்கிற விதிகளுக்குள், போய் உட்கார்ந்திருக்கிறது. அதை நீங்கள் எடுக்க எடுக்க அது திரும்பப் போடும். அங்கேதான் கருவி தேவை.

டிஃபென்டரா, ஆட்வ்கிளீனரா, மால்வேர்பைட்ஸா

வின்டோஸோடு வருகிற அன்ரிவைரஸான டிஃபென்டரைப் பலர் மதிப்பதில்லை. அது நியாயமில்லை. 2015இல் லெனோவோ தன் லப்டொப்கள் சிலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருளைத் தொழிற்சாலையிலேயே போட்டு விற்றது வெளியே வந்தது. பாதுகாப்பான தளங்களுக்குள்ளும் விளம்பரம் நுழைக்க அது தனக்கென்று ஒரு சான்றிதழையே (ஒரு தளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டுவது) கணினிக்குள் வைத்திருந்தது. டிஃபென்டர் சில நாட்களுக்குள் மென்பொருளையும் சான்றிதழையும் சேர்த்தே நீக்கியது.

ஆனால் விளம்பரக் குப்பையைப் பிடிக்கிற பகுதி எல்லாக் கணினியிலும் போடப்பட்டிருக்கும் என்று நம்ப வேண்டாம். 2020இல் வின்டோஸ் 10க்கு வந்த அந்த வசதி 2021 ஓகஸ்ட்டில் இருந்துதான் தானாகவே இயங்கத் தொடங்கியது. வின்டோஸ் செக்யூரிட்டியில் அப் அன்ட் பிரவுசர் கன்ட்ரோல், அதற்குள் ரெபுடேஷன் பேஸ்ட் புரொடெக்ஷன் என்று போய், வேண்டாத அப்களைத் தடுக்கிற இரண்டு தெரிவுகளையும் போட்டுவிடுங்கள். இறக்கும்போதே தடுக்கிற தெரிவு எட்ஜ் பிரவுசருக்கு மட்டும்தான்.

இங்கே இன்னொரு சங்கதியைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் பக்கம் ஓடுகிற லப்டொப்களில் கனக்க, களவு வின்டோஸும் களவு ஒஃபிஸும் போட்டவை. அவற்றைத் திறந்துவிடுகிற அக்டிவேட்டர்கள் முதலில் கேட்பது டிஃபென்டரை நிறுத்தச் சொல்லித்தான். இல்லாவிட்டால் டிஃபென்டர் பார்க்கக் கூடாத ஃபோல்டர் என்று ஒன்றை எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலில் சேர்த்துவிடும். மூன்று கருவியால் ஸ்கேன் பண்ணியும் தீராத ஒரு லப்டொப்பில் கடைசியில் நான் கண்டது இதைத்தான்: சி டிரைவ் முழுவதும் அந்தப் பட்டியலில் இருந்தது. காவல்காரனை வீட்டுக்குள் விடாமல் வாசலில் நிறுத்திவிட்டு, காவல் சரியில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். அந்தப் பட்டியலை வெறுமையாக்கிவிட்டு, டிஃபென்டர் ஒஃப்லைன் ஸ்கேன் போடுங்கள். வின்டோஸ் தொடங்குவதற்கு முன்பே ஓடும் என்பதால் ஒளிந்திருப்பதற்கு இடம் குறைவு. பதினைந்து நிமிடம் அளவு எடுக்கும்.

ஆட்வ்கிளீனர் வேறு வகை. விளம்பரக் குப்பைக்கென்றே செய்தது. 2016இல் மால்வேர்பைட்ஸ் நிறுவனம் அதை வாங்கியது, இன்றும் இலவசம். பத்து எம்பி அளவுதான், இன்ஸ்டோல் பண்ணவும் தேவையில்லை, பென் டிரைவில் கொண்டுபோய் ஓட்டலாம். டொங்கிளில் ரீலோட் போட்டுப் பாவிக்கிற வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. மேலே சொன்ன குரோம் பொலிசியை அழிக்கிற தெரிவும் ப்ரொக்ஸி, ஹோஸ்ட்ஸ் கோப்பு போன்ற, இணையம் எந்த வழியால் போக வேண்டும் என்று சொல்கிறவற்றைப் பழையபடி ஆக்குகிற தெரிவுகளும் அதன் செட்டிங்ஸில் இருக்கின்றன. கண்டதை உடனே அழிக்காமல் குவாரண்டைனில் வைக்கும், பிழையாக எடுத்திருந்தால் திருப்பி எடுக்கலாம். ஓட்டும்போது திறந்திருக்கிற எல்லாவற்றையும் மூடிவிட்டு மறுபடி தொடங்கச் சொல்லும், ஆகவே வேலையைச் சேமித்துவிட்டு ஓட்டுங்கள். லப்டொப் கொம்பனி முன்கூட்டியே போட்ட மென்பொருட்களைத் தனிப்பட்டியலாகக் காட்டும். அதையும் எடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. அதன் குறை ஒன்றுதான்: ஓட்டும்போது மட்டும் வேலை செய்யும். நாளைக்கு வருவதை மறிக்காது.

மால்வேர்பைட்ஸின் முழு மென்பொருள் இன்னும் ஆழமாகத் தேடும். விளம்பரத்தோடு கடவுச்சொல் திருடுகிற ஏதாவது வந்திருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் அதை ஓட்டத்தான் வேண்டும். ஆனால் இறக்கவே சில நூறு எம்பி போகும். முதல் 14 நாள் காசு கட்டுகிற பதிப்பாக ஓடும், பிறகு நீங்களே அழுத்தி ஸ்கேன் பண்ணுவது மட்டும் இலவசம். 4 ஜிபி ரேம் உள்ள பழைய லப்டொப்பில் எப்போதும் வைத்திருக்க நான் சொல்லமாட்டேன். ஒருமுறை ஓட்டி, சுத்தமாக்கி, எடுத்துவிடுங்கள்.

யூடியூபில் பழைய காணொளிகள் பல இன்னும் குரோமின் கிளீனப் கருவியைத் தேடச் சொல்கின்றன. 2023 மார்ச்சில் கூகுள் அதை எடுத்துவிட்டது, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். டிரைவர் அப்டேட்டர், ரெஜிஸ்ட்ரி கிளீனர் என்று வருகிறவற்றை எந்த நிலையிலும் போட வேண்டாம். அவற்றில் பல, எடுக்கப்பட வேண்டிய பட்டியலில் இருப்பவை.

ரீசெட், போமற்

இவை எல்லாம் தோற்றால் மட்டும். அதிலும் ரீசெட்டுக்கும் போமற்றுக்கும் வித்தியாசம் உண்டு. வின்டோஸின் ரீசெட்டில் உங்கள் கோப்புகளை வைத்துக்கொண்டே வின்டோஸைப் புதிதாகப் போடலாம். கிளவுட் டவுன்லோட் என்பதைத் தெரிவு செய்தால் 4 ஜிபிக்கு மேல் டேட்டா இழுக்கும், லோக்கல் என்பதைத் தெரிவு செய்தால் டேட்டா மிச்சம். போமற் நல்லதுதான், ஆனால் அதன் பிறகு அக்டிவேட்டர் போட்டே திருப்பித் தந்தால், குப்பை வந்த கதவை மறுபடி திறந்துவிட்ட மாதிரி. கடையில் கொடுக்க வேண்டி வந்தால் இரண்டு விசயத்தை வாயால் சொல்லிக் கொடுங்கள்: டி டிரைவைத் தொட வேண்டாம், அக்டிவேட்டர் போட வேண்டாம். ஒஃபிஸுக்குப் பதிலாக இலவசமான லிப்ரே ஒஃபிஸ் போட்டுத் தரச் சொல்லலாம், பாடசாலை வேலைக்கு அது தாராளம்.

வின்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. வின்டோஸ் 11 ஏறாத பழைய லப்டொப்பை எறியச் சொல்ல எனக்கு மனம் வராது. டிஃபென்டருக்கான வைரஸ் அடையாளங்களை 2028 ஒக்டோபர் வரை தருவதாக மைக்ரோசொஃப்ட் சொல்லியிருக்கிறது. அது முழுப் பாதுகாப்பு இல்லை, ஆனால் ஒன்றுமே இல்லாமலும் இல்லை.

திரும்ப வராமல் இருக்க

எங்கள் பிள்ளைகள் எதை இறக்கப் போய்ப் பிடிபடுகிறார்கள் என்று பார்த்தால், பாமினி எழுத்துரு, உயர்தரக் கடந்தகால வினாத்தாள், வேர்ட் கோப்பைப் பிடிஎஃப்பாக்குகிற மென்பொருள். அந்தத் தளங்களில் பச்சை நிறத்தில் பெரிதாக இருக்கிற டவுன்லோட் பொத்தான் பெரும்பாலும் விளம்பரம். உண்மையானது கீழே சின்ன எழுத்தில் கிடக்கும். எழுத்துரு கேட்ட இடத்தில் எக்ஸ்ஈ கோப்பு (திறந்தால் ஓடுகிற மென்பொருள்) இறங்கினால் அதைத் திறக்காமல் அழியுங்கள். பாமினி என்பது ஒரு டிடிஎஃப் எழுத்துருக் கோப்பு, அவ்வளவுதான். பிடிஎஃப்பாக மாற்ற மென்பொருளே தேவையில்லை, வேர்டும் லிப்ரே ஒஃபிஸும் தாங்களே செய்யும்.

ஆகவே தடுப்பதற்கு என் முதல் தெரிவு யூபிளொக் ஒரிஜின் என்கிற, விளம்பரம் தடுக்கிற எக்ஸ்டென்ஷன். பொய்ப் பொத்தானே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது, டேட்டாவும் மிச்சம். ஃபயர்ஃபொக்ஸில் முழுமையாக இயங்கும். குரோம் பழைய முறை எக்ஸ்டென்ஷன்களை நிறுத்திவிட்டதால் அங்கே லைட் பதிப்புத்தான், அதுவும் பரவாயில்லை. இதற்குப் போட்டி, விளம்பரம் தடுக்கிற டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வைத்து அதன் இணைய முகவரியைத் தேடித் தருகிற சேவை). ஆட்கார்டின் 94.140.14.14 என்ற முகவரியை வைஃபை ரௌட்டரில் போட்டால் வீட்டில் உள்ள எல்லாப் போனுக்கும் சேர்த்து வேலை செய்யும். ஆனால் தளத்தின் சொந்த முகவரியிலிருந்தே வருகிற விளம்பரத்தை அதனால் பிரிக்க முடியாது, யூடியூப் அதற்கு நல்ல உதாரணம். ஒன்றுதான் போடலாம் என்றால் யூபிளொக்கைப் போடுங்கள்.

பிள்ளைகளுக்கு நிர்வாகி அதிகாரம் இல்லாத தனிக் கணக்கு ஒன்று திறந்து கொடுப்பதும் பெரிய உதவி. எதையாவது இன்ஸ்டோல் பண்ணப் போனால் பெரியவரின் கடவுச்சொல் கேட்கும், அந்த இடத்திலேயே பாதி நின்றுவிடும்.

மாமியின் லப்டொப்பில் இப்போது ஃபயர்ஃபொக்ஸும் யூபிளொக்கும் இருக்கின்றன. தங்கையிடம் மீதம் இருந்த படங்களை மறுபடி வாங்கினோம், பாதிக்குத்தான் அங்கே பிரதி இருந்தது. அந்தப் பாதியை இரண்டு பென் டிரைவில் போட்டு, ஒன்றை மாமியின் அலுமாரியிலும் மற்றதை எங்கள் வீட்டிலும் வைத்திருக்கிறோம்.