ராபர்ட்சனா டியர்னியா: ஒரு நாற்காலிக்கு ரெண்டு லெஃப்ட் பேக்

ஸ்காட்லாந்து கால்பந்து டீம்ல கோல் அடிக்க ஆள் இல்லன்னு வருஷக்கணக்கா புலம்பிட்டு இருந்தாங்க, நல்ல ரைட் பேக்கும் சரியா அமையல, ஆனா லெஃப்ட் பேக்னு (இடது ஓர டிஃபெண்டர்) பாத்தா ஒரே சமயத்துல ரெண்டு பேரு, ரெண்டு பேருமே எந்த டீமுக்கு போனாலும் முதல் பதினொண்ணுல இருக்கக்கூடிய ஆளுங்க. ஆண்டி ராபர்ட்சன், கீரன் டியர்னி. பசியில கிடந்தவனுக்கு ஒரே நேரத்துல ரெண்டு வீட்ல விருந்து போட்ட மாதிரி ஆயிப்போச்சு. யாரு பெட்டர்ங்கிற சண்டை 2016, 17ல ஆரம்பிச்சது, இன்னும் ஓயல. நானும் பல தடவ கட்சி மாறியிருக்கேன், அதனால இந்த தடவ பொறுமையா உக்காந்து எழுதிடலாம்னு இருக்கேன்.

முதல்ல ரெண்டு பேரும் எங்க இருந்து வந்தாங்கன்னு பாக்கணும், ஏன்னா கதையோட வேரே அங்கதான் இருக்கு. ரெண்டு பேருக்கும் பொதுவான ஒரு வீடு உண்டு, கிளாஸ்கோ கிளப் செல்டிக். ராபர்ட்சன் 1994ல கிளாஸ்கோல பிறந்தவரு, செல்டிக் யூத் டீம்ல வளந்தவரு, 15 வயசுல "நீ ரொம்ப சின்னவனா இருக்க"ன்னு வெளிய அனுப்பிட்டாங்க. டியர்னி 1997ல ஐல் ஆஃப் மேன்ல பிறந்து கைக்குழந்தையா ஸ்காட்லாந்து வந்தவரு, ஏழு வயசுல செல்டிக் உள்ள நுழைஞ்சவரு, அப்புறம் 2019 வரைக்கும் வெளிய போகவே இல்ல. ஒருத்தன வேண்டாம்னு சொன்ன வீடு, இன்னொருத்தன மடியில வெச்சு வளத்த வீடு.

வேண்டாம்னு சொல்லப்பட்டவரு குவீன்ஸ் பார்க் கிளப்புக்கு போனாரு. அது அப்ப அமெச்சூர் கிளப், ஆடுறதுக்கு சம்பளமே கிடையாது. 2012-13ல ஸ்காட்லாந்தோட நாலாவது டிவிஷன்ல ஆடிட்டு இருந்தாங்க. (அதே சீசன்ல அதே டிவிஷன்ல ரேஞ்சர்ஸும் இருந்தாங்க, பணப் பிரச்சினைல மூழ்கி அடிமட்டத்துல இருந்து ஏறி வந்துட்டு இருந்தாங்க, அது தனி சீரியல்.) குவீன்ஸ் பார்க் அப்ப ஆடினது ஹாம்ப்டன் பார்க்ல, அதாவது நேஷனல் ஸ்டேடியத்துல. அங்கயே ஆஃபீஸ்ல டிக்கெட் கேட்டு வர்ற ஃபோன எடுக்கிற வேலையும் பாத்துட்டு இருந்தாரு நம்ம ஆளு. 2012 ஆகஸ்ட்ல, கையில காசு இல்ல, இந்த வயசுல வாழ்க்கை குப்பையா இருக்கு, வேலை வேணும்ங்கிற மாதிரி ட்விட்டர்ல போட்டாரு, அந்த ட்வீட் இன்னைக்கும் சுத்திட்டு இருக்கு. அது போட்டு ஒரு வருஷத்துல டண்டீ யுனைடெட், ரெண்டு வருஷத்துல ஸ்காட்லாந்துல அந்த சீசனோட சிறந்த இளம் வீரர், 28.5 லட்சம் பவுண்டுக்கு ஹல் சிட்டி, அதுக்குள்ள 2014 மார்ச்ல போலந்துக்கு எதிரா நேஷனல் டீம்ல முதல் மேட்சும் ஆடிட்டாரு. ஃபோன் எடுத்த அதே பில்டிங்ல நாட்டுக்காக ஆடின ஆளு.

டியர்னி பக்கம் இவ்ளோ மேடு பள்ளம் கிடையாது. 2015 ஏப்ரல்ல 17 வயசுல செல்டிக்குக்கு முதல் மேட்ச், அடுத்த சீசன்ல இருந்து அந்த இடமே அவருதுதான். 2016, 2017, 2018ன்னு தொடர்ந்து மூணு வருஷம் சிறந்த இளம் வீரர் விருது. ராபர்ட்சனுக்கு ஒரு தடவ கிடைச்சது இவருக்கு மூணு தடவ, கணக்குல எழுதிக்கங்க. லீக், லீக் கப், ஸ்காட்டிஷ் கப்னு மூணையும் ஒரே சீசன்ல ஜெயிக்கிறத தொடர்ந்து மூணு சீசன் பண்ணின செல்டிக் டீம்ல இவரு தூண். 2017 ஸ்காட்டிஷ் கப் ஃபைனல்ல அபர்டீன்கூட ஆடும்போது வாயில முழங்கை பட்டு வெளிய போனாரு, ஆனா கப் தூக்குற நேரத்துக்கு திரும்பி வந்து நின்னுட்டாரு. அதே வருஷம் நவம்பர்ல நெதர்லாந்துகூட நடந்த ஃப்ரெண்ட்லில 20 வயசுலயே ஸ்காட்லாந்து கேப்டன். அந்த நிமிஷத்துல யாராவது என்கிட்ட கேட்டிருந்தா டியர்னின்னு கண்ண மூடிட்டு சொல்லியிருப்பேன், ராபர்ட்சன் அப்ப லிவர்பூல்ல பெஞ்சுல உக்காந்துட்டு இருந்தாரு.

ஆமா, பெஞ்சுதான். 2017 ஜூலைல லிவர்பூல் அவர 80 லட்சம் பவுண்டுக்கு வாங்கினப்ப, ஹல் அப்பதான் பிரீமியர் லீக்ல இருந்து கீழ் டிவிஷனுக்கு இறங்கியிருந்துச்சு, ஹல்ல இருந்தப்பவே ரெண்டாவது தடவ. இறங்கின டீமோட லெஃப்ட் பேக் எதுக்குன்னு கேட்டவங்க நிறைய பேரு. அந்த இடத்துக்கு மொரேனோதான் முதல் சாய்ஸ், டிசம்பர்ல மொரேனோக்கு அடிபட்டதும்தான் இவருக்கு கதவு திறந்துச்சு. அதுக்கப்புறம் 2018 ஜனவரில மேன்செஸ்டர் சிட்டிகூட 4-3 மேட்ச். அந்த ஒரு ஓட்டத்த தேடி பாருங்க, ஒரு டிஃபெண்டர் தன் இடத்த விட்டுட்டு எதிர் டீம் ஆளு ஒவ்வொருத்தரையா துரத்தி, பால் கோல்கீப்பர்கிட்ட போனதும் கோல்கீப்பரையும் துரத்தி, அங்கேருந்து அடுத்தவன் கிட்ட பாஞ்சு கடைசில ஃபவுல்ல போய் முடியும். லிவர்பூல் மைதானம் ஆன்ஃபீல்டு மொத்தமும் எழுந்து நின்னு கத்துச்சு. கோலும் இல்ல அசிஸ்டும் இல்ல, ஆனா அன்னைக்குதான் அவரு லிவர்பூல் ஆளு ஆனாரு.

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். 2018-19ல லீக்ல 11 அசிஸ்ட் (கோலுக்கு வழி பண்ணின பாஸ்), 2019-20ல 12, அந்தப் பக்கம் ரைட் பேக் டிரென்ட் அதைவிட ஒண்ணு ஒண்ணு கூட. ரெண்டு ஃபுல் பேக்கும் சேந்து ஒரு டீமோட பிளேமேக்கர் வேலைய பாத்தது அதுக்கு முன்னாடி நான் பாத்ததில்ல. 2019ல சாம்பியன்ஸ் லீக், 2020ல லிவர்பூல் முப்பது வருஷம் காத்துட்டு இருந்த லீக் பட்டம், 2022ல எஃப்ஏ கப், லீக் கப் ரெண்டு தடவ, 2025ல மறுபடி லீக். பார்சிலோனாவ 4-0ன்னு சாய்ச்ச அந்த ராத்திரி, இவரு ஹாஃப் டைம்ல அடிபட்டு வெளிய போக, அவருக்கு பதிலா வந்த வைனால்டம் ரெண்டு கோல் அடிச்சது ஒரு வேடிக்கை. அதே மேட்ச்ல கீழ கிடந்த மெஸ்ஸி தலைய கையால தள்ளி விட்டதுக்கு அப்புறமா வருத்தப்பட்டாரு, வருத்தப்பட வேண்டியதுதான்.

இப்ப டியர்னி. 2019 ஆகஸ்ட்ல ஆர்சனல் 2.5 கோடி பவுண்ட் குடுத்து வாங்குச்சு, அன்னைக்கு தேதிக்கு ஒரு ஸ்காட்லாந்து வீரருக்கு குடுத்த அதிகபட்ச விலை. ராபர்ட்சன் விலையப்போல மூணு மடங்கு. வந்த புதுசுலயே தோள்பட்டை இறங்கிடுச்சு. ஆனா திரும்பி வந்தப்ப, 2020 எஃப்ஏ கப் ஃபைனல்ல மூணு டிஃபெண்டர்ல இடது பக்கம் நின்னு செல்சிய தோக்கடிச்சாங்க. 2021 ஜனவரி 2, வெஸ்ட் பிராம், பனி கொட்டோ கொட்டுன்னு கொட்டுது, மத்தவன் எல்லாம் கை உறை போட்டு நடுங்கிட்டு இருக்கான், இவரு அரைக்கை சட்டையில இடது ஓரத்துல பால தட்டிவிட்டு ஓடி, ஆள தாண்டி உள்ள வெட்டி வலது கால்ல தூர மூலைல வெச்சாரு பாருங்க ஒரு கோல்! மேட்சுக்கு கோடீஸ்வரன் எல்லாம் டிசைனர் பேக் தூக்கிட்டு வர்ற இடத்துக்கு இவரு டெஸ்கோ கடை பையில சாமான போட்டு எடுத்துட்டு வருவாரு, அதுக்காகவே ஆர்சனல் ஆளுங்க இவர தூக்கி கொண்டாடினாங்க. அடுத்த கேப்டன் இவருதான்னு அப்ப பேச்சு.

எங்க சறுக்குச்சு? உடம்பு ஒண்ணு. தோள், முட்டி, ஹாம்ஸ்ட்ரிங்னு (தொடைப் பின்தசை) மாத்தி மாத்தி, ஒரு சீசன் முழுசா ஆடினத நெனச்சு பாத்தா விரல் விட்டு எண்ணணும். ஆனா எல்லாரும் உடம்ப மட்டும் சொல்றாங்க, எனக்கு அது பாதி கதைன்னுதான் தோணுது. மீதி பாதி ஆர்சனல் மேனேஜர் ஆர்டெட்டாவோட ஆட்டம். 2022ல ஸின்சென்கோ வந்தாரு, லெஃப்ட் பேக்னு பேரு, ஆனா பால் நம்ம கையில இருக்கும்போது நடு மைதானத்துக்கு வந்து மிட்ஃபீல்டர் மாதிரி நிப்பாரு. டியர்னியோட பலம் கோட்ட ஒட்டி ஓடி கிராஸ் போடறது, அதாவது ஓரத்துல இருந்து கோல் முன்னாடி பால அனுப்பறது. மேனேஜர் இடத்தையே அழிச்சிட்டாரு, அப்புறம் ஆளு எவ்ளோ நல்லவனா இருந்து என்ன. ராபர்ட்சனுக்கு லிவர்பூல்ல குளோப் கிடைச்சாரு, ஓடுறவன ஓடவிட்டு அந்த ஓட்டத்தையே ஆயுதமாக்கின மேனேஜர். நேரம்னு ஒண்ணு இருக்குல்ல. 2023-24ல டியர்னி ரியல் சோசியடாடுக்கு லோன்ல போனாரு, அங்கயும் ஹாம்ஸ்ட்ரிங், திரும்பி வந்து 2025 மே மாசம் சவுத்தாம்ப்டன்கூட ஆர்சனலுக்கு கடைசி மேட்ச்ல ஒரு கோல் போட்டுட்டு, ஃப்ரீ ட்ரான்ஸ்ஃபர்ல செல்டிக்குக்கே வீடு திரும்பிட்டாரு.

சரி, கால்பந்தா மட்டும் பாத்தா? கிராஸ் ராபர்ட்சன். முதல் டச்லயே, ஓட்டத்துலயே, டிஃபெண்டருக்கும் கோல்கீப்பருக்கும் நடுவுல இருக்கிற அந்த ஒரு அடி சந்துல போடுவாரு. ஓட்டம், தெம்பு, அடுத்த வாரமும் ஆடறது எல்லாம் ராபர்ட்சன்தான். ஆனா நேருக்கு நேர் ஒரு விங்கர நிறுத்தணும், தலையால பால எடுக்கணும், செண்டர் பேக் வேலையும் பாக்கணும்னா டியர்னி. அவரு டேக்கிள் சுத்தமா இருக்கும். ராபர்ட்சன் சில நேரம் கோவத்துல பாஞ்சிடுவாரு. ஷாட் அடிக்கிறதும் டியர்னிதான் பெட்டர், இத லிவர்பூல்காரங்க ஒத்துக்க மாட்டாங்க, பரவால்ல.

ஸ்காட்லாந்து மேனேஜர் ஸ்டீவ் கிளார்க் இந்த கேள்விக்கு பதிலே சொல்லாம தப்பிச்சாரு. மூணு பேர பின்னாடி நிறுத்தி, அதுல இடது ஆளு டியர்னி, அவருக்கு முன்னாடி ஓரம் முழுக்க மேலயும் கீழயும் ஓடுற விங் பேக்கா ராபர்ட்சன். இப்படி பண்றது அவங்களுக்கு புதுசு கிடையாது, 1974 உலகக் கோப்பைல ஜார்டின், மெக்ரெய்ன்னு ரெண்டு ரைட் பேக் இருந்தப்ப மெக்ரெய்ன இடது பக்கம் தள்ளித்தான் ரெண்டு பேரையும் ஆட வெச்சாங்க. கிளார்க் ஐடியா வேலை செஞ்சதுக்கு சாட்சி 2023 மார்ச், ஹாம்ப்டன், ஸ்பெயின் 0-2ன்னு தோத்த மேட்ச். முதல் கோல், போர்ரோ வழுக்கினதும் ராபர்ட்சன் பால பறிச்சு மிட்ஃபீல்டர் மெக்டாமினேக்கு குடுத்தது. ரெண்டாவது, டியர்னி பின்னாடி இருந்து கிளம்பி கர்வஹால ஓட்டத்துலயே தோக்கடிச்சு கிராஸ் போட, தட்டி வந்த பால மறுபடி மெக்டாமினே. ரெண்டும் இடது பக்கம், ஆளுக்கு ஒண்ணு.

டியர்னி இல்லாதப்ப என்ன ஆச்சுன்னும் பாக்கணும். யூரோ 2020ல செக் குடியரசுகூட அடிபட்டு ஆடல, 2-0 தோல்வி. அடுத்து வெம்ப்ளில இங்கிலாந்துகூட வந்தாரு, 0-0. யூரோ 2024ல ஸ்விட்சர்லாந்து மேட்ச்ல ஸ்ட்ரெச்சர்ல போனாரு, அடுத்த மேட்ச்ல ஹங்கேரிகிட்ட கடைசி மூச்சுல கோல் வாங்கி வீட்டுக்கு கிளம்பிட்டாங்க. அவரு ஒருத்தர் இருந்திருந்தா ஜெயிச்சிருப்பாங்கன்னு சொல்லல, ஆனா அந்த பக்கம் ஓட்டை தெரிஞ்சுச்சு. ராபர்ட்சன் மூணு மேட்ச்லயும் இருந்தாரு, 2018ல இருந்து கேப்டனும் அவருதான்.

அதனால என் தீர்ப்பு, மொத்த கேரியர்னு கேட்டா ராபர்ட்சன், அதுல போட்டியே இல்ல, ஸ்காட்லாந்து பெத்த டிஃபெண்டர்கள்ல மேல் வரிசைல வைக்கலாம். ஒரே ஒரு மேட்ச், ரெண்டு பேருக்கும் உடம்பு நல்லா இருக்கு, 1-0ன்னு லீட காப்பாத்தணும், ஒருத்தர்தான் ஆடலாம்னு சொன்னா நான் டியர்னி பேரத்தான் எழுதுவேன். திட்டுறவங்க திட்டலாம்.

2025 நவம்பர் 18 ராத்திரி முழிச்சிருந்து பாத்தவங்களுக்கு இது புரியும். உலகக் கோப்பை தகுதிச் சுற்றுல டென்மார்க்கூட கடைசி மேட்ச், ஜெயிச்சா ஸ்காட்லாந்துக்கு 1998க்கு அப்புறம் முதல் உலகக் கோப்பை, டிரா ஆனா டென்மார்க் போயிடும். மூணாவது நிமிஷம் மெக்டாமினே அந்தரத்துல பல்டி அடிச்சு கோல். ரெண்டாவது பாதில ராபர்ட்சன் டென்மார்க் ஆளு ஐசக்சன பாக்ஸ் ஓரத்துல இடிச்சு பெனால்டி, ஹொய்லண்ட் போட்டுட்டாரு. ஸ்காட்லாந்துக்கு ஷாங்க்லாண்ட் அடிக்க, டென்மார்க்குக்கு டோர்கு திரும்ப சமன் பண்ண, 2-2ன்னு நேரம் முடிஞ்சிடுச்சு. 93வது நிமிஷம், மாற்று ஆளா உள்ள வந்த டியர்னிகிட்ட பாக்ஸுக்கு வெளிய பால் உருண்டு வருது, இடது கால்ல ஒரு வளைவு, தூர மூலை, டென்மார்க் கோல்கீப்பர் ஷ்மைக்கேல் பாஞ்சும் எட்டல. மெக்லீன் பாதி மைதானத்துல இருந்து நாலாவத போட்டது அதுக்கப்புறம். மேட்ச் முடிஞ்சு பேட்டி குடுக்கும்போது கேப்டன் ராபர்ட்சன் கண்ணு கலங்கி, அந்த வருஷம் இறந்துபோன லிவர்பூல் ஃப்ரெண்ட் ஜோட்டாவ நாள் பூரா நெனச்சுட்டே இருந்தேன்னு சொன்னாரு.