தொழிற்கல்லூரிகளை இணைப்பதா, வாரியத்தின் கீழ் வைப்பதா, தனித்தே விடுவதா?

ஒரு வட்டாரத்தில் நான்கைந்து சிறிய தொழிற்கல்லூரிகள் இயங்கும்போது, அவற்றை ஒரே நிறுவனமாக இணைத்துவிடலாம் என்ற யோசனை பெரும்பாலும் சேர்க்கை குறைந்து நிதிப் பற்றாக்குறை கூடும் காலத்தில்தான் எழுகிறது. அதற்கு மாற்றாக இரண்டு வழிகள் முன்வைக்கப்படுகின்றன. கல்லூரிகளைத் தத்தம் பெயரோடும் முதல்வரோடும் விட்டுவிட்டு, நிதியையும் திட்டமிடலையும் மட்டும் ஒரு வட்டார வாரியத்திடம் ஒப்படைப்பது ஒன்று. வாரியமும் இல்லாமல், கல்லூரிகள் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு இயந்திரங்களையும் பயிற்றுநர்களையும் பகிர்ந்துகொள்வது மற்றொன்று. இவற்றைச் செலவுக் கணக்கை வைத்து மட்டும் எடைபோடுவது தவறு என்பது என் உறுதியான கருத்து. வட்டாரத் தொழிற்கூடங்கள் தேடும் திறன் கற்பிக்கப்படுகிறதா, அதைக் கற்க விரும்புபவரால் வகுப்புக்கு வந்து திரும்ப முடிகிறதா என்ற இரண்டு கேள்விகளே இங்கே உரைகல்.

முழு இணைப்புக்கான வலுவான வாதத்தைப் பணிமனையில்தான் பார்க்க முடியும். கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டிச் செதுக்கும், ஐந்து அச்சுகளில் இயங்கும் சிஎன்சி இயந்திரம் ஒன்றை வாங்குவது சிறிய கல்லூரிக்குக் கட்டுப்படியாகாது. கடன்பட்டு வாங்கினாலும், இருக்கும் ஒரே பிரிவு மாணவர்கள் பயன்படுத்திவிட்டுப் போனபின் அது உறைபோட்டு மூடிக் கிடக்கும். பக்கத்துக் கல்லூரியிலோ அதே பாடம் கரும்பலகைப் படத்தோடு முடிந்துவிடும். இரண்டும் ஒன்றானால் இயந்திரம் நாள் முழுவதும் ஓடும், அதைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவரை முழுநேரப் பணியிலும் வைத்துக்கொள்ளலாம். புதிதாக வரும் தொழிற்சாலையும் ஐந்து முதல்வர்களைத் தனித்தனியே தேடி அலையாமல், தனக்கு எந்தத் திறனில் எத்தனை பேர் வேண்டும் என்று ஒரே இடத்தில் பேசி முடிக்கலாம்.

வட அயர்லாந்தில் 2007ஆம் ஆண்டு 16 கல்லூரிகள் 6 வட்டாரக் கல்லூரிகளாக இணைக்கப்பட்டன. அந்த அமைப்பு நிலைத்துவிட்டது. ஸ்காட்லாந்து சற்றுப் பிந்தி அதே பாதையில் சென்றது. அங்கே நாடு 13 கல்லூரி வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, பெரும்பாலானவற்றில் ஒரே கல்லூரி என்ற நிலை உருவானது. ஆனால் அதே காலத்தில் பகுதிநேர மாணவர்களின் எண்ணிக்கையும் அங்கே வெகுவாகச் சரிந்தது. அரசு முழுநேரப் படிப்புகளுக்கு முன்னுரிமை தந்ததும் நிதியைக் குறைத்ததும் அதற்கு முக்கியக் காரணங்கள் என்பதால், பழியை இணைப்பின் மேல் மட்டும் போடுவது நேர்மையாகாது. இருந்தாலும் இணைப்பை ஆதரிப்பவர்கள் கவலையோடு பார்க்க வேண்டிய இடம் அதுதான். பகல் ஷிப்டை முடித்துவிட்டு மாலை ஆறரை மணி வெல்டிங் வகுப்புக்கு நடந்தே வந்துகொண்டிருந்த ஒருவருக்கு, அந்த வகுப்பு முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் புதிய வளாகத்துக்கு மாறுவது என்பது, பாடம் முடியுமுன் கடைசிப் பேருந்து போய்விடும் என்பதாகும். அவர் புகார் எழுதப் போவதில்லை. வருவதை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான். இணைப்பின் சேமிப்புக் கணக்கில் அவர் எங்கும் தென்படமாட்டார்.

அளவு எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு நியூசிலாந்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். நாட்டிலிருந்த 16 தொழில்நுட்பக் கல்வி நிலையங்களையும் 2020 ஏப்ரல் 1 அன்று தே பூக்கெங்கா என்ற ஒரே நிறுவனத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். காரணம் இல்லாமல் அதைச் செய்யவில்லை: பல நிலையங்கள் நட்டத்தில் இருந்தன, சேர்க்கை தொடர்ந்து குறைந்துகொண்டிருந்தது. ஆனால் நலிந்தவற்றோடு நன்றாக நடந்தவையும் ஒரே கூரையின் கீழ் வந்தன. நாட்டின் தென்கோடியில் உள்ள இன்வர்கார்கில் நகரின் கல்வி நிலையம், 2001 முதல் கல்விக் கட்டணமே வாங்காத திட்டத்தால் வெளியூர் மாணவர்களை ஈர்த்துவந்தது; மக்கள் தொகை குறைந்துவந்த தங்கள் வட்டாரத்தை உயிர்ப்போடு வைத்திருக்க வேண்டும் என்று உள்ளூர் அறக்கட்டளைகளும் தொழில் நிறுவனங்களும் அதற்குப் பணம் தந்திருந்தன. தம் பணத்தில் வளர்ந்த ஒன்றின் முடிவுகள் இனி தொலைவில் எடுக்கப்படும் என்றபோது அவ்வட்டாரம் கடுமையாக எதிர்த்தது இயல்பே. 2023 இறுதியில் பதவியேற்ற புதிய அரசு, ஒருங்கிணைந்த நிறுவனத்தைக் கலைக்க முடிவெடுத்தது. 10 கல்வி நிலையங்கள் 2026 ஜனவரி முதல் தன்னாட்சியோடு இயங்கும் என்று 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. இணைக்க ஒரு செலவு, பிரிக்க ஒரு செலவு. இடையில் இருந்த ஆண்டுகளில் பயிற்றுநர்கள் தம் வேலை நிலைக்குமா என்றே தெரியாமல் பாடம் நடத்தினார்கள். அதுதான் என்னை அதிகம் வருத்துகிறது.

வட்டார வாரியம் என்ற நடுவழியை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் கையாண்டது. அங்கே இணைப்புகளுக்குப் பிறகும் மூன்று கல்லூரிகள் தனித்தனியே நின்றன. அவற்றுக்கு மேலே ஒரு வாரியம் அமைந்தது. ஒரே பாடப்பிரிவுக்காக மூன்றும் போட்டியிடுவதைத் தடுக்க இது உதவும். ஆயினும் வாரியத்துக்கென ஓர் அலுவலகமும் ஊழியரும் செலவும் சேர்கின்றன. அரசுக்கும் கல்லூரிக்கும் இடையே ஒரு படிக்கட்டு கூடுகிறது. வாரியத்திடம் நிதியைப் பங்கிடும் அதிகாரம் உண்மையாகவே இருந்தால் மட்டுமே இந்த வழி பயன் தரும் என்று நினைக்கிறேன்.

தனித்து நின்று ஒப்பந்தத்தின் மூலம் பகிர்ந்துகொள்வது தொடங்க எளிது. ஆனால் முதல்வர் மாறினாலோ சேர்க்கை சரிந்தாலோ, முதலில் கைவிடப்படுவது அந்த ஒப்பந்தமாகத்தான் இருக்கும். கல்லூரிகளுக்கு இடையிலான தொலைவு மிக அதிகமாக உள்ள வட்டாரங்களுக்கு மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன்.

எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு சிங்கப்பூரின் தொழில்நுட்பக் கல்விக் கழகம். சிறு வளாகங்களாகச் சிதறிக் கிடந்ததை 2005க்கும் 2013க்கும் இடையில் கிழக்கு, மேற்கு, மத்தி என மூன்று பெரிய கல்லூரிகளாக்கினார்கள். பாடத்திட்டமும் தரமும் பொதுவானவை. ஆனால் செவிலியர் படிப்புக்குக் கிழக்கு, விருந்தோம்பலுக்கு மேற்கு, வடிவமைப்புக்கு மத்தி என ஒவ்வொன்றுக்கும் தனிச் சிறப்பும் உண்டு. சிறிய தீவு, நெருக்கமான பேருந்து, ரயில் வசதி என்பதால் அங்கே தூரம் ஒரு தடையாகவில்லை. பரந்த வட்டாரங்கள் அந்தப் பிரிவினையை மட்டும் எடுத்துக்கொண்டு, வேறொன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: விலையுயர்ந்த இயந்திரம் வேண்டிய உயர்நிலைப் படிப்புகள் ஓரிடத்தில் குவியட்டும், முதல்நிலைப் படிப்புகளும் மாலை வகுப்புகளும் பழைய ஊர்களிலேயே இருக்கட்டும். இணைப்பு ஆணையில் கையெழுத்திடும் முன்பே, எந்த ஊரில் எந்த வகுப்பு எத்தனை ஆண்டுகள் நடக்கும் என்பதையும், வெல்டிங் ராடு தீர்ந்தால் தலைமையகத்தைக் கேட்காமல் அன்றே வாங்கிக்கொள்ள அந்தப் பணிமனையின் பயிற்றுநருக்கு எவ்வளவு தொகை கையில் இருக்கும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.