உப்புவெளித் தொடர்மாடி: வாடகைக்கு எடுக்குமுன்

திருகோணமலையின் கடற்கரைப் பகுதியான உப்புவெளியில், பொதுநலவாய யுத்த மயானத்துக்குச் சற்று அப்பால், புதிதாகக் கட்டிய தொடர்மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். சமையலறை அருமை, யன்னலைத் திறந்தால் கடற்காற்று. ஆனால் அந்த உப்புக்காற்றுதான் இரும்பைத் தின்கிறது. குளிரூட்டியின் வெளிப்பெட்டியைத் தாங்கும் சட்டம் செதில் செதிலாக உரிகிறது. யன்னல் திருகாணிகள்கூடத் துருப்பிடித்துவிட்டன. இவ்வளவு வாடகை வாங்குபவர் துருப்பிடிக்காத எஃகு போட்டிருக்க வேண்டும்.

கச்சான் என்னும் வெப்பமான மேல்காற்று வீசும் ஆடி மாதத்தில் மேற்கு அறையில் பகலில் படுக்கவே முடியாது. கிழக்குப் பக்க வீட்டையே கேளுங்கள். ஒப்பந்தத்தை முழு ஆண்டுக்கும் எழுதி வாங்குங்கள். ஏப்ரலில் உல்லாசப் பயணிகள் வரத் தொடங்கியதும் உரிமையாளர் வாடகையைக் கூட்டிக் கேட்டார். கையெழுத்திட்ட தாள்தான் எங்களைக் காப்பாற்றியது. மாரி மழைக்கு ஒரு சுவரும் கசியவில்லை, அது பெரிய ஆறுதல்.