தண்டையார்பேட்டையில் ஒரு சமையல் மேடை

இந்த முறை மூன்று வார விடுமுறையில் உருப்படியாகச் செய்தது ஒன்றுதான்: அம்மா வீட்டுச் சமையல் மேடைக்குக் கல் மாற்றியது. வீட்டுக்கு வரவில்லை என்று சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. கல் கதையைச் சொன்னால் சமாதானமாவார்களா தெரியாது. வெளிநாட்டிலிருந்து வந்து இதே வேலையில் இறங்குகிறவர்களுக்காவது உதவட்டும்.

வீடு வடசென்னையில், தண்டையார்பேட்டையில், ஆட்டோ கொஞ்சம் யோசித்து நுழையும் சந்து. 2021இல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு, விமான நிலையத்தில் நீல வழித்தடத்தில் பெட்டியோடு ஏறினால் நேராக வீட்டுப் பக்கமே இறங்கலாம். மெல்பர்னில் என் வீட்டுக்குக்கூட அந்த வசதி இல்லை.

பழைய மேடை, அப்பா போட்ட கடப்பா கல். முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்தது. எலுமிச்சை ஊறுகாய் ஜாடி இருந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாக வட்டம், புளி கரைக்கும் மூலையில் சொரசொரப்பு. கடப்பா என்பது சுண்ணாம்புக்கல் வகை. புளிப்பு பட்டால் அரித்துக்கொண்டே போகும். அதுகூடப் பரவாயில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மேடைக்குக் கீழே பிற்பாடு போட்ட பிளைவுட் அலமாரிகள் ஊறி, உப்பி, கதவு மூடாமல் போய்விட்டன. இரண்டு வருஷமாகக் கதவுகளைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தாள் அம்மா.

முதலில் ஒரு பளபளப்பான ஷோரூமுக்குப் போனோம். ஏசி, காபி, சோபா. நான் ஆஸ்திரேலியா என்றதும் விற்பனைப் பையன் நேராகக் குவார்ட்ஸ் பகுதிக்குக் கூட்டிப் போனான். “ஃபாரின்ல எல்லாரும் இதான் மேடம் போடுறாங்க.” அவனிடம் எப்படிச் சொல்வது? ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை 1 முதல் இந்தச் செயற்கைக் கல்லுக்குத் தடை. குவார்ட்ஸ் தூளைப் பிசின் போட்டு இறுக்கிச் செய்யும் பலகை அது. வீட்டில் இருப்பதால் நமக்கு ஒன்றும் ஆகாது. அதை அறுக்கிறவர்கள்தான் சிலிகா தூசியைச் சுவாசித்து, சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோயில் விழுந்தார்கள், அதுவும் இளவயதுத் தொழிலாளிகள். அதனால்தான் மூட்டை கட்டினார்கள். இன்னொன்று, பிசின் இருப்பதால் அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரை அப்படியே வைத்தால் தடம் விழ வாய்ப்பு உண்டு. எங்கள் அம்மா குக்கரை வேறு எங்கே வைப்பாள்? காபியைக் குடித்துவிட்டு வெளியே வந்தோம். காபி நன்றாகவே இருந்தது.

அப்புறம் தம்பி, அதாவது சித்தப்பா மகன், பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டு மாதவரம் தாண்டிச் செங்குன்றம் போகும் வழியில் ஒரு கல் கோடவுனுக்குப் போனான். தகரக் கூரை, தரையெல்லாம் வெள்ளைச் சேறு, இரும்புச் சட்டங்களில் புத்தகம் அடுக்கியதுபோல் கல் நிற்கிறது. கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும், நான் கேட்ட எதற்கும் அவசரப்படாமல் பதில் சொன்னார். பெயர்களைக் கேட்கக் கேட்க சிரிப்பு வந்தது. காஷ்மீர் ஒயிட் என்கிறார்கள், அது வருவது நம் மதுரைப் பக்கத்திலிருந்து. வெள்ளையில் சிவப்புப் புள்ளி, பார்க்க அழகு, ஆனால் தண்ணீர் குடிக்கும். என் பாட்டிலிலிருந்து நாலு சொட்டு விட்டுப் பத்து நிமிஷம் நின்றேன், சொட்டு விழுந்த இடம் கறுத்துவிட்டது. தண்ணீரைக் குடிக்கிற கல் மஞ்சள்தூளையும் எண்ணெயையும் விட்டுவைக்குமா? மார்பிளைக் கடைக்காரரே வேண்டாம் என்றுவிட்டார். “பூஜை ரூமுக்குப் போடுங்க. கிச்சனுக்கு ஏன்?” அதுவும் எலுமிச்சைக்கு அரித்துப்போகிற கல்தான்.

எனக்குப் பிடித்தது பிளாக் கேலக்ஸி. கறுப்பில் பொன் துகள் தூவியதுபோல் மினுக்கும். ஓங்கோல் பக்கம் சீமகுர்த்தியில் வெட்டி எடுக்கிறார்கள். அங்கிருந்து லாரி, கோடவுன் இருக்கும் இதே ஜிஎன்டி சாலை (கொல்கத்தா நெடுஞ்சாலை) வழியாகத்தான் தெற்கே வருகிறது. பெயர்தான் கிரானைட். மண்ணியல்காரர்கள் இந்தக் கறுப்புக் கற்களைக் காப்ரோ, டோலரைட் என்று வேறு இனத்தில் சேர்ப்பார்கள். நமக்கு அதில் ஆதாயம் ஒன்று உண்டு: இவற்றில் குவார்ட்ஸ் மிகக் குறைவு, அறுக்கும்போது பறக்கும் சிலிகாவும் அந்த அளவுக்குக் குறையும். விலை சதுர அடி 190 ரூபாய் சொன்னார். கேலக்ஸியை முடிவே செய்துவிட்டு, அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன்.

“பொட்டுப் பொட்டா இருக்கே. எறும்பு ஊர்ந்தா எப்படித் தெரியும்?”

நான் பத்து நாளாகப் படித்த எதிலும் எறும்பு இல்லை. அம்மாவுக்கு வயது எழுபத்திரண்டு, ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. சர்க்கரை சிந்தியிருக்கிறதா, எறும்பு வந்திருக்கிறதா என்று தெரிய வேண்டுமென்றால் மேடை ஒரே நிறமாக இருக்க வேண்டும். கேலக்ஸி அங்கேயே நின்றுவிட்டது.

சுத்தக் கறுப்பில் இரண்டு இருந்தன. ஒன்று 85 ரூபாய், இன்னொன்று 165. பார்வைக்கு வித்தியாசமே இல்லை. தம்பி கில்லாடி, மனைவியின் நெயில் பாலிஷ் ரிமூவரைச் சட்டைப்பையில் கொண்டு வந்திருந்தான். வெள்ளைக் கர்ச்சீப்பில் நனைத்து 85 ரூபாய்க் கல்லை அழுத்தித் தேய்த்தான். கர்ச்சீப் கறுத்தது, கல்லில் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல். சாம்பல் கல்லுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். கடைக்காரர் கோபித்துக்கொள்வார் என்று பார்த்தேன். “அதான் தம்பி எம்பத்தஞ்சு” என்று சிரித்தார். 165 ரூபாய்க் கல்லில் துணி அப்படியே வெள்ளையாக இருந்தது. மாதிரித் துண்டில் மட்டும் இந்தச் சோதனையைச் செய்து பிரயோஜனமில்லை, நமக்கு வரப்போகிற ஸ்லாபிலேயே தேய்த்துப் பார்க்க வேண்டும்.

விரிசல் பார்ப்பதை அவரே சொல்லிக் கொடுத்தார். கல்மேல் தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் மயிரிழைபோல் ஒரு கோடு ஈரமாகவே நின்றால் அங்கே விரிசல். முதலில் எடுத்த ஸ்லாபில் அப்படி ஒரு கோடு நின்றது. மறுபேச்சில்லாமல் ஓரமாக நகர்த்தி வேறு இறக்கினார். அந்த நிமிஷத்திலிருந்து அவர்மேல் எனக்கு மரியாதை.

அளவில்தான் இடறியது. மேடைக்கு ஏற்ற ஒல்லி ஸ்லாப் இரண்டு, ஒன்று ஒன்பதரை அடி, இன்னொன்று ஆறரை அடி. ஓரம் உடைந்து கோணலாக இருந்தது. உதவியாளர் டேப்பை உடைசலின் வெளி நுனியில் பிடித்து அகலம் 28 அங்குலம் என்றார். உபயோகமாவது 26தான். 16 அடி நீளத்துக்கு 2 அங்குலம் என்றால் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் சதுர அடி, 440 ரூபாய். எனக்கு அது ஏழெட்டு டாலர், விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. தம்பி விடவில்லை. “அக்கா, நீ போயிடுவ. நான் இந்த ஏரியாலதான் இருக்கணும்.” கடைசியில் 26க்கே பில் போட்டார்கள். பில் வேண்டும் என்றால் ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி, ஏற்றுக்கூலி தனி, விளிம்பை உருட்டிப் பாலிஷ் போடும் நோசிங் ரன்னிங் அடிக் கணக்கில் தனி. கல்லின் விலையை மட்டும் கேட்டுக்கொண்டு வீட்டில் பட்ஜெட் போடாதீர்கள்.

அடுத்தது மேஸ்திரி. பொங்கலுக்கு ஊருக்குப் போய்விடுவார், போகிக்கு முன்னால் முடிக்க வேண்டும். வந்ததும் எந்தக் கல் என்று அவர் கேட்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுச் சுவர் ஓரமாக நிறுத்தி, “சப்பாத்தி தேய்க்கிற மாரி கைய வைங்கம்மா” என்றார். முழங்கைக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டுச் சுவரில் பென்சிலால் கோடு போட்டார். தரையிலிருந்து 31 அங்குலம். நான் கையில் வைத்திருந்த வரைபடத்தில் 900 மில்லிமீட்டர், அதாவது முப்பத்தைந்தரை அங்குலம். மெல்பர்னில் பெரும்பாலான வீடுகளில் அதுதான் உயரம். அம்மா நாலு அடி பத்து அங்குலம். என் வரைபடப்படி போட்டிருந்தால் மனைக்கட்டை போட்டு ஏறி நின்று சமைத்திருப்பாள்.

கீழே பிளைவுட் வேண்டாம் என்று முடிவாயிற்று. கடப்பா பலகைகளையே நிறுத்துக்கல்லாக வைத்தார், தட்டும் கடப்பாதான். தண்ணீர் வந்தால் கழுவிவிட்டுவிடலாம். கடல் காற்றில் இரும்பு ஸ்டாண்ட் என்ன கதியாகும் என்பது தண்டையார்பேட்டையில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அறுப்பதில் எனக்கும் மேஸ்திரிக்கும் ஒரு சின்ன யுத்தம். அவர் வழக்கம், கல்லைச் சந்தில் கிடத்தி, கை மெஷினால் காய்ந்தபடியே அறுப்பது. முகத்தில் ஒரு துண்டு, அவ்வளவுதான். எதிர்வீட்டு அக்கா மாடியில் கருவாடு காயப்போட்டிருந்தார். முன்னால் வந்திருந்த கடப்பா பலகையை அறுத்த ஐந்து நிமிஷத்தில் கருவாட்டின் மேல் மாவு தெளித்ததுபோல் ஆகிவிட்டது. அவர் கத்திய கத்தலில் மெஷின் நின்றது. நான் தண்ணீர் ஊற்றி அறுக்கச் சொன்னேன். மேஸ்திரி, “தண்ணியும் கரண்டும் ஒண்ணாவா? ஷாக் அடிச்சா யார் பாக்குறது?” என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான், எங்கள் பழைய வீட்டு வயரிங்கை நம்பி ஈரத்தில் மெஷின் பிடிக்கச் சொல்ல எனக்கே மனமில்லை. பிறகு கோடவுனுக்குப் பேசி, கறுப்புக் கல்லின் நீள அறுப்பு, நோசிங், சிங்க் ஓட்டை எல்லாவற்றையும் அங்கே உள்ள தண்ணீர் பாயும் பெரிய மெஷினில் செய்துகொண்டோம். கூடுதல் செலவு 1,200 ரூபாய். மேஸ்திரிக்கும் அவர் பையனுக்கும் நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் போட்டிருந்தார்கள்.

சிங்க் ஓட்டையில் நான் சொதப்பினேன். சிங்கின் அளவை எழுதி அனுப்பு என்றார்கள். அட்டைப்பெட்டியில் இருந்தபடி 24க்கு 18 என்று எழுதி அனுப்பினேன். அது சிங்கின் வெளி விளிம்பு. விளிம்பு கல்லின் மேல் உட்கார வேண்டுமென்றால் ஓட்டை சுற்றிலும் அரை அங்குலமாவது சிறிதாக இருக்க வேண்டும். அங்கே அறுத்தவரும் கேட்கவில்லை, அப்படியே 24க்கு 18 வெட்டிவிட்டார். மூலைகளை மட்டும் அழகாக வளைத்திருந்தார், கூர்மூலையாக வெட்டினால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்புமாம். வீட்டில் வைத்துப் பார்த்தபோது சிங்க் அந்த ஓட்டை வழியாக லிஃப்ட்போல் கீழே இறங்கியது. போனில் அரை மணி நேரம் யார் தப்பு என்று பேசினோம். மேஸ்திரி பீடியை அணைத்துவிட்டு வந்து பார்த்தார். “ஓட்டைய சின்னதாக்க முடியாது. சிங்க்கப் பெருசாக்கலாம்.” மறுநாள் 27க்கு 20 சிங்க் ஒன்று வாங்கி, ஓட்டையை அதற்கேற்பப் பெரிதாக்கினோம். அதற்கு மட்டும் வீட்டிலேயே மெஷின் போட வேண்டியிருந்தது. எதிர்வீட்டு அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். பழைய சிங்கைக் கடையில் திரும்ப எடுக்கவில்லை. இட்லிக் குண்டான் முழுசாக உள்ளே போகிறது என்று அம்மாவுக்கு ஏக சந்தோஷம், அதனால் இதை நஷ்டக் கணக்கில் எழுத முடியவில்லை.

கல் வந்த காட்சியைச் சொல்லாமல் விடக் கூடாது. 18 மில்லிமீட்டர் கறுப்புக் கல் சதுர அடிக்கு ஏறக்குறைய 5 கிலோ. பெரிய துண்டு மட்டும் நூறு கிலோவைத் தொடும். கல் ஏற்றிவந்த குட்டியானை வேன் சந்து முனையோடு நின்றுவிட்டது. அங்கிருந்து மீன்பாடி வண்டியில் ஏற்றினார்கள், படுக்கவைக்காமல், செங்குத்தாக, இரண்டு பக்கமும் பழைய டயர் கொடுத்துக் கயிறு கட்டி. படுக்கவைத்தால் தன் பாரத்திலேயே உடையுமாம். ஒருவர் ஓட்ட, இரண்டு பேர் குழந்தையைப் பிடிப்பதுபோல் கல்லைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்கள். சாமி ஊர்வலம் மாதிரி இருந்தது. கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் ஸ்டம்பைப் பிடுங்கி வழிவிட்டார்கள்.

போகிக்கு முதல்நாள் மாலை வேலை முடிந்தது. இரண்டு கல்லும் சேருமிடம் விரல் நகத்துக்குத் தட்டுப்படவில்லை. விளிம்புக்கு அடியில் மேஸ்திரி தானாகவே ஒரு சின்னக் காடி எடுத்திருந்தார், வழியும் தண்ணீர் உள்பக்கம் ஓடாமல் அங்கேயே சொட்டிவிடும். நான் கேட்கவில்லை, காசும் அவர் கேட்கவில்லை. போகும்போது, “மேடைமேல தேங்கா ஒடைக்காதீங்கம்மா” என்று மட்டும் சொன்னார். அம்மா பழைய கடப்பாவில் இரண்டடித் துண்டு ஒன்றை முன்பே எடுத்துப் பின்பக்கக் குழாயடியில் போட்டுவைத்திருந்தாள், தேங்காய்க்கும் மீன் கழுவவும்.

போன வாரம் வீடியோவில் பேசும்போது மேடையைக் காட்டச் சொன்னேன். அடுப்பு தெரிந்தது, புதுச் சிங்க் தெரிந்தது, கல் மட்டும் தெரியவில்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தினத்தாள் விரித்திருந்தாள்.

“கறை பட்டுடும்ல” என்றாள்.